சாப்பாட்டுக்கடையிலிருந்து ஓடர் சமையலுக்கு: வன்னியில் கடை நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். பதினொரு வருடமாகக் கடையோடு சேர்த்து ஓடர் சமையலும் எடுக்கிறோம். கல்யாண வீடு, சாமத்திய வீடு, அந்தியேட்டி, கோவில் அன்னதானம், அலுவலகங்களின் மதியச் சாப்பாடு என்று எல்லாம் செய்திருக்கிறோம். மாங்குளம், விசுவமடு, மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் போன் எடுத்து "நாங்களும் ஓடர் எடுக்கலாமோ?" என்று கேட்பார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடை நன்றாக ஓடுகிறது. அதே சமையலைக் கொஞ்சம் கூட்டிச் செய்தால் ஓடர் ஆகிவிடாதா?

ஆகாது. இதை முதலிலேயே விளங்கிக்கொண்டால் பாதி நட்டம் குறையும். கடையில் அடுப்புக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவில் பத்தடி தூரம். உப்புக் குறைந்தால் அடுத்த கறியில் சரிசெய்யலாம், சோறு முடிந்தால் இன்னொரு பானை போடலாம். ஓடரில் அந்தப் பத்தடி முப்பது கிலோமீற்றர் ஆகிவிடும். காலையில் இறக்கிய கறியை மத்தியானம் ஒரு மணிக்கு, நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் சாப்பிடுவார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே ஊர்ச் சனம், ஒருவருக்கொருவர் சொந்தக்காரர். கடையில் ஒருநாள் கறி பிழைத்தால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். பந்தியில் பிழைத்தால் அந்த ஊருக்குள் அடுத்த ஐந்து வருடம் உங்களுக்கு ஓடர் இல்லை.

அதனால் கை ருசி மட்டும் இங்கே காணாது. நேரக்கணக்கும் தூரக்கணக்கும் சரியாக வரவேண்டும். அவை இரண்டும் பழகினால்தான் வரும். சின்னதாகத் தொடங்கச் சொல்வது அதற்காகத்தான்.

எதில் தொடங்குவது?

கல்யாண வீட்டில் தொடங்கவேண்டாம். மச்சான் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வேண்டாம்.

பிரதேச செயலகம், பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் நடக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்கு முப்பது நாற்பது பார்சல் கேட்பார்கள். பத்து மணிக்குத் தேத்தண்ணியும் றோல்ஸும், ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்றரைக்கு இன்னொரு தேத்தண்ணி. இதில் ஆள்தொகை கூடாது, குறையாது, நேரமும் மாறாது. இது கிழமை நாளில் வரும், கல்யாணம் பெரும்பாலும் கிழமைக் கடைசியில் வரும் என்பதால் இரண்டும் மோதுவதும் குறைவு. நாற்பது பார்சலைச் சொன்ன நேரத்துக்கு, சூடாக, ஒரு பார்சலிலும் அப்பளம் விடுபடாமல் ஆறு தடவை கொடுத்துப் பாருங்கள். அப்புறம் எண்பது, பிறகு நூற்றைம்பது. நாங்கள் இருநூறைத் தொட இரண்டு வருடம் எடுத்தது.

நூறு பேருக்கு எவ்வளவு போடுவது? கடைக் கணக்கைப் பெருக்கலாமா?

சில சாமானைப் பெருக்கலாம், சிலதைப் பெருக்கக் கூடாது. எங்கள் குசினிச் சுவரில் எழுதியிருக்கும் கணக்கைச் சொல்கிறேன். நாட்டரிசிச் சோறும் கறியும் என்றால் ஒரு கிலோ அரிசிக்கு ஏழு பேர். அலுவலகக் கூட்டம் என்றால் ஒன்பது பேர் வரை போகும். வெட்டு முடிந்த காலத்தில் கிராமத்துக்குள் போகிற ஓடருக்கு ஆறு பேர் என்றே வையுங்கள், வயல் வேலை செய்கிற சனம் வடிவாகச் சாப்பிடும். எலும்போடு கோழி ஒரு கிலோவுக்கு ஆறு பேர். பருப்பு ஒரு கிலோவுக்கு இருபத்தைந்து பேர். சைவச் சாப்பாட்டுக்கு ஏழெட்டுப் பேருக்கு ஒரு தேங்காய், பால்கறி இரண்டு வைத்தால் அதற்கு மேலும் போகும்.

உப்பு, தூள், புளி மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பெருக்காதீர்கள். கணக்கில் முக்கால் பங்கைப் போட்டு, கொதித்த பிறகு நாக்கில் வைத்துப் பார்த்துக் கூட்டுங்கள். தண்ணீரும் அப்படித்தான். சின்னச் சட்டியில் ஆவியாகிற அளவு கிடாரத்தில் ஆவியாகாது, கடைக் கணக்கில் தண்ணீர் விட்டால் குழம்பு தண்ணியாகவே நிற்கும். சோற்றை ஒரு பதம் முந்தியே வடியுங்கள். பதினைந்து கிலோ சோறு தன் சூட்டிலேயே இன்னும் வேகும். கடைப் பதத்தில் வடித்தால் பந்திக்குப் போகும்போது குழைந்துவிடும்.

விலையை எப்படிப் போடுவது?

கடையில் கோழிச் சாப்பாடு 650 ரூபா, அப்ப இருநூறு பேருக்கு 130,000 என்று வாயால் சொல்லிவிடுகிறார்கள். கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். கீழே இருக்கும் தொகைகள் கணக்குக்கு எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையை மாற்றிப் போடுங்கள்.

இருநூறு பேர். சாமான் செலவு தலைக்கு 420 என்றால் 84,000. சமையல் ஆட்கள் ஐந்து பேருக்கு 3,000 வீதம் 15,000. பரிமாற எட்டுப் பேருக்கு 2,000 வீதம் 16,000. விறகும் காஸும் 6,000, வாகனம் 7,000, பாத்திர வாடகை 8,000, இலை, தண்ணீர், கை துடைக்கும் தாள் 6,000. சிந்தினது, கூட வந்தது என்று சாமான் செலவில் நூற்றுக்கு ஐந்து, அது 4,200. கூட்டினால் 146,200. தலைக்கு 731 ரூபா. நீங்கள் சொன்னது 650. சமைத்து, ஏற்றி, இறக்கி, பரிமாறி, பாத்திரம் கழுவி முடித்த பிறகு உங்கள் கையிலிருந்து 16,200 ரூபா போயிருக்கும்.

இதே ஓடரை 850க்கு எடுத்தால் 23,800 மிஞ்சும். அதிலும் அன்றைக்குக் கடையைப் பூட்டி ஒரு பத்தாயிரத்தை இழந்திருந்தால் உண்மையான மிச்சம் 13,800தான். கடையின் அன்றைய இழப்பை எழுதாத கணக்கு கணக்கே இல்லை.

விலை கேட்டவுடன் வாயால் சொல்லாதீர்கள். "நாளைக்குப் பின்னேரம் எழுதித் தாறன்" என்று சொல்லுங்கள். தம்புள்ளையிலிருந்து லொறியில் வரும் மரக்கறிக்கு ஒரே கிழமைக்குள் விலை இரண்டு மடங்காவதும் உண்டு. அதனால் கொடுக்கிற கடதாசியில் இந்த விலை எத்தனை நாளைக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.

கடையில் சமைத்துக் கொண்டுபோவதா, அங்கேயே போய்ச் சமைப்பதா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

வன்னியில் தூரம் அதிகம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு ரவுணுக்கு ஏ35 வீதியால் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வரும். தார் வீதியில் அது ஒரு மணித்தியாலம். ஆனால் எங்கள் ஓடர்கள் பிரதான வீதியில் நிற்பதில்லை. உள்ளே குளக்கட்டால் ஆறு கிலோமீற்றர் போகவேண்டி வரும், பட்டா வாகனம் குலுங்கிக் குலுங்கி அரை மணித்தியாலம் எடுக்கும்.

எங்களுடைய ஏழாவது ஓடர் ஒரு அந்தியேட்டி. நூற்றெண்பது பேர். விசுவமட்டுக்கு உள்ளே ஒரு குடியேற்றக் கிராமம். எட்டரைக்கு எல்லாக் கறியையும் இறக்கி, மூடியைக் கயிற்றால் கட்டி ஏற்றினோம். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கிரியை இழுபட்டுப் பந்தி ஒன்றரைக்குத்தான். இலை போட்ட பிறகு சொதிச் சட்டியின் மூடியைத் திறந்தேன். மேலே சின்னச் சின்னக் குமிழி நிற்கிறது, ஓரத்தில் பால் திரைந்து மஞ்சள் தண்ணீர் தனியாகப் பிரிந்திருக்கிறது. மணத்தை நான் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கார அக்கா பக்கத்தில்தான் நின்றா. அவவின் மனுசனின் முப்பத்தொராம் நாள். நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவ சட்டியை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, சொதியை விடுங்கோ. ரசம் வைப்பம், அது காணும்" என்று சொல்லி, தன்ர தம்பியைக் கடைக்கு அனுப்பித் தக்காளியும் மல்லியும் எடுப்பித்தா. இருபது நிமிடத்தில் ரசம் வைத்தோம். அன்று அவ என்னைக் காப்பாற்றினா. காசில் ஒரு ரூபா குறைக்கவும் கேட்கவில்லை. சொதிக் காசை நானாகத்தான் கழித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான். தேங்காய்ப்பால் விடுகிற எதையும், சொதியோ பால்கறியோ கிழங்குப் பிரட்டலோ, கடையில் முடிப்பதில்லை. காயை அவித்து, தாளித்து எடுத்துக்கொண்டு போவோம். தேங்காய்ப்பூவை ஐஸ் பெட்டியில் வைத்து அங்கே போய்ப் பிழிந்து, பந்திக்கு முக்கால் மணித்தியாலம் முன்பு கொதிக்க விடுவோம். கோழிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வறை, ஊறுகாய் எல்லாம் பயணம் தாங்கும். பொரித்த மீன் தாங்கும், ஆனால் மொறுமொறுப்பு இருக்காது. அப்பளத்தை அங்கேதான் பொரிக்கவேண்டும்.

தூரத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறோம். அரை மணித்தியாலத்துக்குள் என்றால் பால் விடுகிறவை தவிர மற்றதெல்லாம் கடையில் சமைப்போம். அதற்கு மேல் என்றால் சோறும் பால்கறியும் அங்கே. ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் முழுச் சமையலும் அங்கேதான். அதற்கு முதல்நாளே ஒருவர் போய்க் கிணறு, நிழல், அடுப்பு வைக்கும் இடம் மூன்றையும் பார்த்துவிட்டு வருவார்.

எவ்வளவு நேரம் வரை சமைத்த சாப்பாடு தாங்கும்?

சமைத்த உணவின் சூடு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். 5 பாகைக்குக் கீழே குளிரில் இருந்தால் பெருக்கம் மிகவும் மெதுவாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் ஆபத்து. அந்த நேரம் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டினால் உடனே பரிமாறி முடித்துவிட வேண்டும், நாலு மணித்தியாலத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். சித்திரை வெயிலில் நான் இரண்டு மணித்தியாலத்தையே கடைசியாக வைத்திருக்கிறேன்.

சோறு ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். பசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து சோற்றின் கொதியிலும் சாகாது. இளஞ்சூட்டில் கிடக்கும் சோற்றில் அது பெருகி நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் முதல்நாள் இரவே சோறு வடித்து வைக்கிற வேலையைச் செய்யவே வேண்டாம். ஒரு சமையல் வெப்பமானி வாங்கிச் சட்டியில் குத்திப் பாருங்கள். கோழித் துண்டின் நடுவில் 75 பாகை காட்டவேண்டும், ஏற்றும்போதும் இறக்கும்போதும் கறி 60க்கு மேல் நிற்கவேண்டும். சூடு தாங்கும் பெட்டி வாங்கக் காசு வரும் வரைக்கும் கிடாரத்தைச் சுற்றி வைக்கோலும் சாக்கும் கட்டி ஏற்றினோம். வயல் நாட்டில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, சூடும் நன்றாகவே நின்றது.

ஒவ்வொரு கறியிலும் ஒரு கரண்டியைச் சின்ன டப்பாவில் எடுத்துத் திகதி எழுதி, மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். யாருக்காவது வயிற்றுக்குத்து என்று வந்தால் எந்தக் கறி என்று சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கறி காரணமில்லை என்றால் அதையும் அதுதான் காட்டும்.

எங்கள் கடையில் மச்சமும் சமைக்கிறோம். சைவ ஓடர் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பாத்திரம் வேறாக இருக்கவேண்டும். கிடாரம், தாச்சி, அகப்பை, வடிக்கிற பெட்டி, கத்தி, வெட்டுப் பலகை, கறி அள்ளும் வாளி வரைக்கும் எல்லாமே. கோவில் அன்னதானத்துக்கும் அந்தியேட்டிக்கும் வருகிறவர்கள் இதை நம்பித்தான் இலையில் கை வைக்கிறார்கள். "கழுவினது தானே" என்ற கதை அங்கே சரிவராது. எங்கள் சைவச் சாமானுக்குப் பச்சைப் பூச்சுப் பிடி, வேறு அறை, வேறு திறப்பு. அந்தத் திறப்பு அம்மாவின் இடுப்பில் இருக்கும். சைவ ஓடர் நாளில் சமைக்கிறவர்களும் காலையில் முழுகிவிட்டுத்தான் வருவார்கள்.

முஸ்லிம் வீட்டு ஓடர் என்றால் இறைச்சியை ஹலாலாக அறுக்கும் கடையில்தான் வாங்கவேண்டும். அதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லி, எந்தக் கடை என்றும் சொல்லுங்கள். கத்தோலிக்க வீடு என்றால் தவக்கால வெள்ளியில் இறைச்சி இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பாத்திரம் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

முதல் பத்து ஓடருக்கு வாடகை. பந்தல், கதிரை விடுகிறவர்களிடமே கிடாரமும் இருக்கும். அதற்குள் உங்களுக்கு எந்த அளவு அடிக்கடி தேவை என்று தெரிந்துவிடும். முதலில் வாங்கவேண்டியது பதினைந்து கிலோ அரிசிக் கிடாரம் இரண்டு. சைவத்துக்கென்று வேறாக ஒரு தொகுதி. சூடு காட்டும் பஃபே செட் கடைசியாக. அது மண்டபக் கல்யாணத்துக்கு மட்டும்தான் தேவை, கிராமத்துப் பந்தியில் வாளியும் கரண்டியும்தான் வேகம்.

காஸா, விறகா?

இரண்டும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலம் யாருக்கும் மறந்திருக்காது. அப்போது விறகு அடுப்பு வைத்திருந்த கடைகள்தான் இழுத்துப் பிடித்தன. சோறும் பருப்பும் விறகில், தாளிப்பும் பொரியலும் காஸில் என்று பிரித்தால் செலவும் குறையும். பெரிய ஓடருக்கு 12.5 கிலோ சிலிண்டரை நம்பவேண்டாம், நடுச் சமையலில் முடிந்துவிடும். 37.5 கிலோ சிலிண்டர் ஒன்று கடைக்கு வேண்டும். விறகைக் காட்டுக்குள் வெட்டி விற்பவரிடம் வாங்காதீர்கள். தென்னை மட்டை, பனை மட்டை, மர ஆலைக் கழிவு ஆகியவற்றை மழைக்கு முன்பே வாங்கிக் கொட்டிலுக்குள் அடுக்குங்கள்.

என்ன அனுமதி எடுக்கவேண்டும்?

கடை சட்டப்படி நடக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பிரதேச சபையின் வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரம், சமைப்பவர்களுக்கும் பரிமாறுகிறவர்களுக்கும் மருத்துவப் பரிசோதனைச் சான்று, இவைதான் முக்கியம். பதிவில் "உணவகம்" என்று மட்டும் இருந்தால் வெளியில் உணவு வழங்குவதையும் சேர்க்கச் சொல்லுங்கள். நாட்டின் உணவுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம். கடைக்குள் விற்றாலும் பந்தலில் பரிமாறினாலும் அதன்படி பொறுப்பு உங்களுடையது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஒளிக்காதீர்கள். முதல் பெரிய ஓடருக்கு முன்பு நானே அவரைக் கூப்பிட்டுக் குசினியைக் காட்டினேன். கழுவும் இடத்தையும் பச்சை இறைச்சி வெட்டும் இடத்தையும் பிரிக்கச் சொன்னார். ஒரு அரைச் சுவர் கட்டினோம். அவ்வளவுதான்.

ஆட்களுக்கு எங்கே போவது?

ஊருக்கு ஊர் கல்யாணச் சமையல் அண்ணைமார் இருக்கிறார்கள். நீங்கள் ஓடர் எடுக்கத் தொடங்கினால் அவர்களுடைய வயிற்றில் அடிப்பதாக நினைக்கலாம். அப்படி ஆகவிடாதீர்கள். இருநூறுக்கு மேல் போகும் ஓடருக்கு நான் இன்றைக்கும் எங்கள் பக்கத்து அண்ணை ஒருவரைத்தான் கூப்பிடுவேன். நாற்பது வருட அனுபவம். கிடாரத்தின் பக்கத்தில் காதை வைத்துக் கொதிக்கிற சத்தத்திலேயே பருப்பின் பதத்தைச் சொல்லுவார். அவருக்குக் கூலி மட்டும் கொடுத்தால் போதாது. வெற்றிலையோடு மரியாதையாகக் கூப்பிடவேண்டும்.

காலைச் சாப்பாடு வேறு விசயம். இருநூறு பேருக்கு ஆளுக்கு எட்டு என்றால் ஆயிரத்து அறுநூறு இடியப்பம். எந்தக் கடைக் குசினியிலும் விடியப்புறம் நாலு மணிக்குள் அவ்வளவும் அவிக்க முடியாது. எங்கள் ஊரில் வீட்டில் இடியப்பம் அவித்து விற்கும் பெண்கள் நாலு பேருக்கு நானூறு நானூறாகப் பிரித்துக் கொடுக்கிறோம். மாவு எங்களுடையது, எல்லோருக்கும் ஒரே வறுவல், ஒரே நிறம். தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் வன்னியில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் காசு அன்றைக்கே, கையிலேயே கொடுக்கவேண்டும். நமக்கு ஓடர்காரர் காசு தரச் சுணங்கியது அவர்களுடைய பிரச்சினை இல்லை. விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களில் வேலை செய்து பழகிய பெண்களும் இருக்கிறார்கள், தலைக்குத் தொப்பியும் கையுறையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இருநூறு என்று சொல்லி இருநூற்று அறுபது பேர் வந்தால்?

வருவார்கள். எங்கள் பக்கம் அழைப்பு வீட்டுக்குத்தான் கொடுப்பது, தலைக்கு இல்லை. நாங்கள் மூன்று நாளுக்கு முன் தொகையை உறுதிசெய்து எழுதி வாங்குகிறோம். அதற்கு மேல் நூற்றுக்கு ஐந்து எங்கள் பொறுப்பு. அதையும் தாண்டினால் தலைக்கு இவ்வளவு என்று முன்பே எழுதியிருக்கும். கூடவே பத்துக் கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு, கொஞ்சம் கிழங்கு எப்போதும் வாகனத்தில் இருக்கும். முதல் பந்தி எழும்பும்போதே வாசலை எண்ணுங்கள். அடுப்பு அணையாமல் இருந்தால் முக்கால் மணித்தியாலத்தில் இன்னொரு கிடாரம் இறக்கலாம். இரண்டாம் பந்தி முடியும்போது யோசித்தால் ஒன்றும் செய்ய ஏலாது.

முற்பணம் பாதி, தொகை உறுதிசெய்யும்போது இன்னொரு கால், மிச்சம் பந்தி முடிந்து. சொந்தக்காரருக்கும் இதே முறைதான். கேட்கக் கூச்சமாக இருந்தால் கடையில் அச்சடித்து ஒட்டிவிடுங்கள்.

செத்த வீட்டு ஓடர் எடுக்கலாமா?

எடுக்கவேண்டும். அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வழக்கம், முன்பு அயலவர்கள் செய்தார்கள். இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில், அயலிலும் ஆட்கள் குறைவு. காடாற்று, எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று அடுத்தடுத்து வரும். இதற்கு முற்பணம் கேட்பதில்லை, முதல்நாள் தேத்தண்ணிக்கும் பாணுக்கும் காசும் வாங்குவதில்லை. விலைப் பட்டியலை விரித்துப் பேசாதீர்கள். வீட்டில் யாராவது ஒரு மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று வசனத்தில் முடியுங்கள். மே 18இல் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் கிடாரம் கேட்டால் கொடுத்துவிடுகிறோம், அதற்கு வாடகை எழுதுவதில்லை.

அலுவலக ஓடரில் காசு சுணங்குகிறதே?

சுணங்கும். ஒரு அலுவலகத்திலிருந்து எனக்கு வரவேண்டிய தொகை ஐந்து மாதம் இழுபட்டது. அந்த ஐந்து மாதமும் கோழிக்கடைக்குக் கடன் வைத்தேன். விலைமனு, ஓடர் கடிதம், பதிவிலக்கம் போட்ட பில், வங்கிக் கணக்கு நாலும் சரியாக இருந்தால் இழுபடுவது குறையும். காசோலை வரும் வரைக்கும் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் அந்த ஓடர்களை எடுங்கள். எங்கள் எல்லை, ஒரு மாத ஓடர்களில் மூன்றில் ஒரு பங்கு.

வெளிநாட்டிலிருந்து வரும் ஓடர்கள்?

இது எங்கள் பக்கத்தில் பெரிய விசயம். கனடாவில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள், இலண்டனில் ஒரு அப்பாவின் திவசம். சாப்பாடு இங்கே ஒரு சிறுவர் இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகும். காசு முழுவதும் முன்பே வந்துவிடும். ஆனால் காசு அனுப்புகிறவர் சாப்பாட்டைப் பார்க்கப் போவதில்லை, சாப்பிடுகிற பிள்ளை குறை சொல்லப் போவதுமில்லை. அதனால்தான் இந்த ஓடரில் கோழித்துண்டைச் சின்னதாக வெட்டுகிற ஆசை வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படம் அனுப்பும்போது பிள்ளைகளின் முகத்தை எடுக்காமல் இலையையும் கறியையும் எடுத்து அனுப்புங்கள்.

எந்த மாதங்களில் வேலை இருக்கும்?

தை, வைகாசி, ஆனி, ஆவணி கல்யாண மாதங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், ஆகஸ்ட் 15இல் மடு மாதா திருவிழா என்று சனம் திரளும் நாட்களில் அன்னதானமும் வரும், வீதியில் வாகனம் நகராமலும் நிற்கும். அந்த நாட்களில் அந்தத் திசைக்கு வேறு ஓடர் எடுத்தால் இரண்டு மணித்தியாலம் முந்தியே வெளிக்கிடவேண்டும். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிய நெல் மலியும். வருடத்துக்கு வேண்டிய அரிசியில் பாதியை நாங்கள் அப்போதே வாங்கிவிடுகிறோம்.

மழைக்காலத்தில்?

ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் ஓடர்க் கடதாசியில் ஒரு வரி கூடுதலாகப் போடுகிறோம்: வீதி மறிபட்டால் திகதி மாற்றலாம், முற்பணம் அழியாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது ஒரு குடிபூரல் ஓடருக்கு வாங்கிய சாமானை அப்படியே பாடசாலையில் தங்கியிருந்த சனத்துக்குச் சமைத்துக் கொடுத்தோம். வீட்டுக்காரரே சொன்னார், "தம்பி, அங்க குடுங்கோ" என்று. குடிபூரலைத் தையில் வைத்தார்.

இலையா, பெட்டியா?

பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலிருந்து தடை. ஒருதரம் பாவித்து எறியும் பிளாஸ்டிக் கரண்டி, கோப்பைகளுக்கும் 2023 ஒக்டோபரில் தடை வந்தது. பார்சலுக்கு வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டுங்கள், கிழியாது, மணமும் நன்றாக இருக்கும். அன்னதானத்துக்கு எங்கள் குளங்களில் தாமரை இலை இருக்கிறது. விடியவே ஆய்ந்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் மத்தியானம் வரை வாடாது. குழம்பும் சொதியும் விட்டாலும் ஒழுகாது.

மிஞ்சிய சாப்பாட்டை என்ன செய்வது?

வீட்டுக்காரருடையது, அவர்களிடமே கொடுக்கவேண்டும். அள்ளிக்கொண்டு கடைக்கு வந்து பின்னேரம் விற்கிற வேலை வேண்டாம், ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பால் விட்ட கறியைக் கொடுக்காமல் கொட்டச் சொல்லுங்கள். சோறு, பருப்பு, கோழிக் குழம்பு இவற்றைச் சின்னச் சட்டிகளில் பிரித்து, எத்தனை மணிக்கு இறக்கியது என்று ஒரு துண்டில் எழுதி மூடியில் ஒட்டிக் கொடுங்கள். நாங்கள் வாகனம் ஏறும் முன்பு வீட்டில் மூத்தவர் யாரையாவது கூப்பிட்டு, "அம்மா, இதை இறக்கின நேரத்திலயிருந்து நாலு மணித்தியாலத்துக்குள்ள நல்லாக் கொதிக்கவைச்சுச் சாப்பிடுங்கோ, அதுக்குப் பிறகு வைக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிடுவோம்.